சாட்சியை மாற்றினால் வழக்கு முடியுமா?



போன கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். மகன் பண்ருட்டி வரை போய்விட்டு வந்து, காரைப் போர்டிகோவில் நிறுத்தி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் மனைவி கைப்பிடிச் சுவர் மேல் அகல் விளக்குகளை வரிசையாக வைத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். சுவர் முடிந்ததும் கீழே கோலத்தைச் சுற்றி வைப்பதாக ஏற்பாடு. நான் உள்ளே சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தேன்.

"என்னங்க, பெட்ரோல் வாடை அடிக்குதே?"

"அது ரெண்டு மாசமா அடிக்குதும்மா" என்று படித்துக்கொண்டே பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. எழுந்து ஓடினேன். எழுபது வயதுக்கு மேல் ஓடியது அதுதான் முதல் தடவை. எரிந்துகொண்டிருந்த ஏழு விளக்குகளையும் அணைத்தோம். போர்டிகோ லைட் சுவிட்சைத் தொடாதே என்று பேத்தியிடம் கத்தினேன். மகன் சாவியைத் திருப்பாமல் கியரை நியூட்ரலில் போட்டான். நானும் பக்கத்து வீட்டு நண்பரும் காரைத் தெருவுக்குத் தள்ளினோம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தண்ணீர் மாதிரித் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும் என்றால், நம் நெய்வேலி வெயிலில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதலில் ஏற்றியது சுவர் மேல் வைத்த விளக்குகளை. கோலத்தைச் சுற்றி முதலில் ஏற்றியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

அந்த "ரெண்டு மாசமா" என்ற வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. வாடை அடிப்பது தெரியும். மைலேஜ் குறைந்தது தெரியும். பேத்தி இரண்டு தடவை "தாத்தா, கார்ல போனா தலை வலிக்குது" என்று சொன்னாள், அதுவும் தெரியும். எல்லாம் தெரிந்தும், "வொர்க்‌ஷாப்பில் பார்த்தாகிவிட்டது" என்ற ஒரே சமாதானத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வொர்க்‌ஷாப்பில் என்ன பார்த்தார்கள் என்பதையும் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஒன்று. எஞ்சின் விளக்கு எரிகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, புகை கருப்பாக வருகிறது என்றேன். கம்ப்யூட்டரைச் சொருகினார்கள். "ஆக்சிஜன் சென்சார் ரிச்சுன்னு காட்டுது சார், சென்சார் போயிடுச்சு" என்று புதிதாகப் போட்டார்கள். பத்து நாளில் மறுபடி விளக்கு எரிந்தது. பிளக் நான்கையும் மாற்றினார்கள். இஞ்செக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மொத்தம் ₹11,000-க்கு மேல் ஆனது. வாடை பற்றிக் கேட்டதற்கு, "லீக் எதுவும் இல்ல சார், பழைய வண்டின்னா கொஞ்சம் வாடை வரும்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

முப்பத்தைந்து வருடம் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தவன் நான். ஒரு தகவல் வந்தால், கொண்டு வந்தவனைச் சந்தேகப்படுவதா, தகவலை விசாரிப்பதா என்று எனக்குத் தெரியாதா? கணக்கில் பணம் குறைகிறது என்று குறிப்பு எழுதிய குமாஸ்தாவை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு, கோப்பை மூடிவிடுகிற அதிகாரிகளை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! என் காரிலும் அதுதான் நடந்தது. சென்சார் "ரிச்" என்று சொன்னது. சொன்ன சென்சாரை மாற்றினார்கள். புதிய சென்சாரும் வந்து அதையே சொன்னது.

இந்த "ரிச்" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பிரெஞ்சில். பிள்ளைப் பருவத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அங்கே கார்புரேட்டரை "கார்பூரத்தேர்" என்றுதான் சொல்வார்கள். சோக்குக் கம்பிக்கு அங்கே "ஸ்தார்த்தேர்" என்று பெயர். கருப்புப் புகை கக்கினால் கலவை "ரிஷ்", பணக்காரக் கலவை. பெட்ரோல் போதாமல் இருமினால் "போவ்ர்", ஏழைக் கலவை. ஆங்கிலத்தில் அதை மெலிந்த கலவை என்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் நேராக ஏழை என்றே சொல்லிவிட்டான். எஞ்சின் பணக்காரன் ஆனால் சொந்தக்காரன் ஏழை ஆவான் என்று எங்கள் ஷெட்காரர் சிரிப்பார்.

கணக்கு இதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9,000 லிட்டர் காற்று. பெட்ரோல் கூடிவிட்டால் கரிக்குப் போதுமான பிராணவாயு கிடைக்காது. பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் கரித்தூளாகவும் வெளியேறும். கரித்தூள் கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. பேத்தியின் தலைவலியை நான் அன்றே இதோடு சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிற ஊர் இது. காரைத் தள்ள வந்த பக்கத்து வீட்டு நண்பர் பாய்லரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நாங்க அடுப்புக்குள்ள எட்டிப் பாத்தா எரியுறது சரியா இருக்கான்னு கண்டுபிடிப்போம்? வெளிய போற வாயுவுல ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு மீட்டர்ல பாப்போம். உங்க காரும் அதையேதான் பண்ணுது" என்றார். உண்மைதான். காரின் புகைக் குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரும் அதே வேலையைத்தான் செய்கிறது. போஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சார் 1976-ல் அமெரிக்காவில் விற்ற வோல்வோ கார்களில் முதலில் வந்தது. பிரெஞ்சில் இதற்கு "சோந்த் லாம்ப்தா" என்று பெயர். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்குக் கார்புரேட்டர்தான், சென்சாரெல்லாம் கிடையாது. 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. ஈயம் இந்தச் சென்சாருக்கும் கன்வெர்ட்டருக்கும் விஷம். அது போன பிறகுதான் இவை எல்லாக் கார்களுக்கும் பரவ வழி கிடைத்தது.

சென்சார் பொய்யே சொல்லாதா என்றால், சொல்லும். ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. புகைக் குழாய் கருகிக் கிடக்கும்போது சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று சொன்னால், அதை நம்பக் கூடாது. அது கெட்டிருக்கலாம். அல்லது அதற்கு முன்னால் புகைக் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்திருக்கலாம். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும், எரியாத காற்று அப்படியே வந்து சென்சாரை ஏமாற்றும். கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலைக் கூட்டும். ஆனால் குழாயும் கருப்பு, சென்சாரும் "ரிச்" என்கிறது என்றால் இரண்டு சாட்சிகள் ஒன்றாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் சாட்சியை எதற்கு மாற்றுவது?

கார்த்திகைக்கு மறுநாள் மந்தாரக்குப்பத்தில் ஒரு பாயைப் பற்றிச் சொன்னார்கள். கடையில் போர்டுகூடக் கிடையாது. வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் தைரியம் எனக்கு இல்லை. அவரை வீட்டுக்கே அழைத்தோம். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. தெருவில் நின்ற காரைச் சுற்றி வந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"சார், எப்ப இருந்து?"

2006-ல் கார் வாங்கியதிலிருந்து நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர். மனைவி கேலி செய்கிற நோட்டு அது. அதைக் கொடுத்தேன். பாய் பக்கங்களைப் புரட்டினார். லிட்டருக்கு 15 ஓடிக்கொண்டிருந்த வண்டி செப்டம்பரில் இரண்டே டேங்கில் 10-க்கு இறங்கியிருந்தது.

"பாதி வேலை முடிஞ்சுது சார். வயசாகித் தேஞ்சிருந்தா கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இது திடீர்னு இறங்கியிருக்கு. அப்ப ஏதோ ஒண்ணு கிழிஞ்சிருக்கு, இல்ல உடைஞ்சிருக்கு."

அதன் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். புகைக் குழாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்தார். உலர்ந்த, வெல்வெட் மாதிரிக் கருப்பு. "எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா ஆயில் எரியுது. இது பெட்ரோல் கரி." ஆயில் அளக்கும் கம்பியை உருவி மோந்து என்னிடம் நீட்டினார். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கிக்கொண்டிருந்தது. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தார், சுத்தமாக இருந்தது. தெருவில் திறந்த வெளியில் டேங்க் பக்கமும் எஞ்சின் பக்கமும் ஈரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே, தீயணைப்பான் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் சூடானதும் ஸ்கேனரில் முதலில் பார்த்தது வெப்பநிலையை. எஞ்சின் கொதிக்கும்போதும் அந்தச் சென்சார் 30 டிகிரி என்று சொன்னால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்குமாம். நம்முடையது சரியாக இருந்தது. அடுத்து ஒரு எண்ணைக் காட்டினார். "சென்சார் சொன்னதைக் கேட்டு கம்ப்யூட்டர் பெட்ரோல்ல கால்வாசி வெட்டிடுச்சு சார். வெட்டியும் ரிச்சாதான் இருக்கு. அப்ப இந்தப் பெட்ரோல் இஞ்செக்டர் வழியா வரல. கணக்குல வராத வழி ஏதோ இருக்கு."

கணக்கில் வராத வழி! இதைக் கேட்டதும் என் குமாஸ்தா புத்தி நிமிர்ந்து உட்கார்ந்தது.

டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவிக்கான குழாயை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார், மாற்றம் இல்லை. எஞ்சினை நிறுத்தினார். இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கிற தண்டின் ஓரத்தில் பம்பரம் அளவுக்கு ஒரு உருண்டை. அதுதான் பிரஷர் ரெகுலேட்டர். என் கார் மாதிரிப் பழைய வண்டிகளில் பெட்ரோலை ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை டேங்குக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் பெட்ரோல். மறுபக்கத்தில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இடத்துக்குப் போகிற ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாயில் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். பாய் அதை உருவினார். துணியில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுந்தது.

சவ்வு கிழிந்திருக்கிறது. பெட்ரோல் இஞ்செக்டரைத் தொடாமலே பின்வாசல் வழியாக எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் முன்வாசலில் எவ்வளவு வெட்டினாலும் பின்வாசல் அதற்குத் தெரியாது.

"அப்ப வாடை இதனாலதானா பாய்?"

"இல்ல சார். இது உள்ளேயே எரிஞ்சு போயிடும். ஓடும்போது புகையில வாடை வரலாம், நின்ன வண்டியில வராது. அது வேற கேஸ்."

டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். பம்ப் இரண்டு மூன்று நொடி முனகி நின்றது. மறுபடி திருப்பச் சொன்னார். மூன்றாவது தடவையில் பின்பக்கம் ஃபில்டரை ஒட்டிய ரப்பர் குழாயில், கிளிப் இறுக்கிய இடத்தில் வேர்வை மாதிரி முத்து முத்தாகப் பூத்தது. வொர்க்‌ஷாப்காரர்கள் பொய் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் இறங்கிப் போய், சொட்டியது ஆவியாகி, தரைகூடக் காய்ந்திருக்கும். லீக் இருந்த நேரத்தில் அவர்கள் பார்க்கவில்லை.

இரண்டு வழக்கு, இரண்டு குற்றவாளி. நான் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டதுதான் தப்பு. நண்பர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைலேஜ் குறைந்து புகைக் குழாய் சுத்தமாக இருந்து, நிறுத்திய வண்டியில் வாடை அடித்தால், பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும் முன்பே காணாமல் போகிறது. எங்கள் பாஷையில் அது கையாடல். மைலேஜ் குறைந்து குழாய் கருகியிருந்தால் அது அனாவசியச் செலவு. இரண்டும் சேர்ந்தும் வரலாம், எனக்கு வந்த மாதிரி.

ரெகுலேட்டர், புது ரப்பர் குழாய், கிளிப்புகள், எஞ்சின் ஆயில், பாயின் கூலி எல்லாம் சேர்த்து முதல் பில்லில் பாதிகூட வரவில்லை. இப்போது நோட்டில் 14-க்கு மேல் எழுதுகிறேன். பேத்திக்குத் தலைவலி இல்லை.

"எல்லாம் எத்தனால் பெட்ரோலால் வந்தது" என்று இரண்டு நண்பர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அதையும் கணக்குப் பார்த்தேன். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பங்கில் இப்போது வருவது 20 சதவீதக் கலப்பு. அப்படியானால் ஆறு, ஏழு சதவீதம் குறையலாம். 15 என்பது 14 ஆகும், 10 ஆகாது. எத்தனால் கலவையை ஏழையாக்குமே தவிரப் பணக்காரனாக்காது. ஆனால் பழைய வண்டிகளின் ரப்பர் எத்தனாலை மனதில் வைத்துச் செய்ததல்ல; அது உப்பி வெடிக்கலாம். ஆகவே பத்துப் பதினைந்து வருட வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாய்களை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடுவது நல்லது.

பள்ளியில் எங்களுக்கு தெகார்த் 1637-ல் எழுதிய நூலிலிருந்து நான்கு விதிகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தெளிவாகத் தெரியாததை உண்மை என்று ஏற்காதே, சிக்கலைச் சின்னச் சின்னதாகப் பிரி, சுலபமானதில் ஆரம்பி, எதையும் விடாமல் சரிபார். அறுபது வருடம் கழித்து, அந்தப் பெயரையே கேட்டிராத ஒருவர் என் வாசலில் நான்கையும் செய்து காட்டினார்.

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். தப்பு வொர்க்‌ஷாப் மேல் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ₹11,000 பில்லில் ஒரு வரிகூட "யோசித்ததற்கு" என்று இல்லை. ஏன்? நாம் தரமாட்டோம். ஆறாயிரம் ரூபாய்ச் சென்சாருக்கு வாய் திறக்காமல் பணம் எடுத்து வைக்கிறோம். "ஒரு மணி நேரம் பார்த்தேன், ஐந்நூறு கொடுங்க" என்றால், "சும்மா பாத்ததுக்கா?" என்று கேட்கிறோம். பார்ப்பதற்குக் கூலி இல்லை, மாற்றினால்தான் கூலி என்றால், எந்த மனுஷனும் மாற்றத்தான் செய்வான். டாக்டரிடமும் நாம் இதையேதான் செய்கிறோம். மாத்திரை எழுதாமல் அனுப்பினால் அவரை நல்ல டாக்டர் என்பதில்லை.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது. பார்ப்பதற்கென்று தனியாகக் காசு கொடுங்கள், முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஒரு பாகத்தை மாற்றுமுன், "இது கெட்டதுன்னு எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், "கம்ப்யூட்டர் சொல்லுது" என்பது பதில் ஆகாது. கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். புகைச் சான்றிதழை டப்பாவில் போடுவதற்கு முன்னால் அதில் கார்பன் மோனாக்சைடு எண்ணைப் போன தடவைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண் ஏறினால் எஞ்சின் பணக்காரன் ஆகிறான்.

ரிச்சாக ஓடும் வண்டியை, "மைலேஜ்தானே, போகட்டும்" என்று ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். நம் டவுன்ஷிப்பில் மரம் இல்லாத வட்டம் ஏது? கோடையில் சருகுக் குவியல் மேல்தான் வண்டியை நிறுத்துகிறோம். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பழுது பார்க்கவும் வேண்டாம்.

நிறுத்திய வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால் அது பழைய வண்டியின் குணம் அல்ல. அதைத் தீ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு, அடுப்பு, சுவிட்ச் எதையும் தொடாமல், ஸ்டார்ட் செய்யாமல், வெளியே தள்ளுங்கள். தள்ள ஆள் இல்லையென்றால் எல்லோரும் விலகி நின்று ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்த கார்த்திகைக்கு விளக்குகளைக் கோலத்தைச் சுற்றியும் வைப்போம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். காரை அன்றைக்குத் தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்பது அவள் உத்தரவு. நோட்டில் அதையும் குறித்து வைத்துவிட்டேன்.